மஞ்சள் துணியில் முடிந்த பாக்கு

தாலி இருக்க வேண்டிய இடத்தில் பாக்கு இருந்தது.

ஒரே ஒரு கொட்டைப்பாக்கு. மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்த அன்னலட்சுமியின் உள்ளங்கையில் அது சும்மா உருண்டு கிடந்தது. அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பிறகு வந்தது பாருங்கள் ஒரு சத்தம், 'மெலாத்தி' என்ற அந்தச் சின்னக் கப்பலின் தகடெல்லாம் அதிர்ந்தது.

மலாயா, 1932, தை மாதம். காலை எட்டரை மணி. பத்து பகாட் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று வெளியே ஒரு சேற்றுத் திட்டு. மெலாத்தி அதன் மேல் வயிறு பதிய உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் வற்றிக்கொண்டே போனது. நாலு பக்கமும் சாம்பல் நிறச் சேறு, அதற்கு அப்பால் சேற்றில் வேர் ஊன்றிய கண்டல் மரக் காடு. இறங்கினால் இடுப்பு வரை புதையும். கரை கண்ணுக்குத் தெரிகிறது, போக வழியில்லை.

கப்பல் ஏன் மாட்டியது என்றால், எல்லாம் சிற்றம்பலத்தாரின் கைங்கரியம். ஜொகூர் பாருவில் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஜெயபாலனுக்கு மூவாரில் கலியாணம், நாளை மறுநாள். மற்றவர்களாக இருந்தால் மோட்டாரில் போவார்கள். இவரோ, "பெரிய கப்பலிலை நாங்கள் ஆயிரத்திலை ஒருத்தர். சின்னக் கப்பலிலை நாங்கள்தான் ராசா. குடும்பமாக் கடல் பாத்துக்கொண்டு போவம்" என்று மெலாத்தியை முழுசாக வாடகைக்குப் பேசிக்கொண்டார். அதோடு விட்டாரா? விடியற்காலையில் மேல்தட்டுக்கு வந்து, கப்பலை ஓட்டும் செராங் காளியப்பனிடம், "கரைக்குக் கிட்ட விடும். பிள்ளையள் குரங்கு பாக்கட்டும்" என்றார். பிள்ளையள் என்று அவர் சொன்னது இருபத்தேழு வயது மாப்பிள்ளையை.

"ஐயா, அங்க ஆழம் இல்ல லா. தண்ணி வேற எறங்குது" என்றார் காளியப்பன்.

"நான் காசு குடுத்த கப்பல்."

காசு கொடுத்த கப்பல் போய்ச் சேற்றில் குந்திக்கொண்டது.

சிற்றம்பலத்தாருக்கு எல்லாமே தன் முறைப்படி நடக்க வேண்டும். சட்டைக்குக் கஞ்சி, நெற்றிக்கு மூன்று கோடு, தேத்தண்ணிக்குப் பனங்கட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து குட்டான் என்ற சின்ன ஓலைக் கூட்டில் வரும் பனங்கட்டியை, அதாவது பனைவெல்லத்தை, ஒரு கடி கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பார். சீனி போட்டுக் குடிக்கிறவர்களைக் கண்டால், "உது தேத்தண்ணியோ, சீனிப்பாணியோ?" என்று இளக்காரம் வேறு.

கப்பல் மாட்டியதும் அவர் மனைவி அன்னலட்சுமிக்குப் பயம் பிடித்தது. நல்ல காரியத்துக்குப் போகும் வழியில் இது என்ன சகுனம்? தாலியை வைத்துக் கற்பூரம் காட்டலாம் என்று பெட்டியைத் திறந்தார். பெட்டிக்குள் ஒரு பித்தளைச் செப்பு. செப்புக்குள் தாலிக்கொடி, நாலு காப்பு, ஒரு மஞ்சள் துணி முடிச்சு. கொடி இருந்தது. காப்பு நாலும் இருந்தன. முடிச்சுக்குள் இருந்த தாலிதான் இல்லை.

"ராத்திரி விளக்கு வைக்கேக்கை கண்ணாலை பாத்தனான்! ஐயோ, பொன்னுருக்கிச் செய்த தாலி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பொன்னுருக்கு என்றால் என்ன என்று அந்தக் கப்பலில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், எல்லார் முன்னிலையிலும் பொன்னை உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி. பொன் உருகிவிட்டால் கலியாணம் பாதி முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது.

சிற்றம்பலத்தார் சாப்பாட்டு அறையின் நடுவில் வந்து நின்றார். அறையைச் சுற்றி நாலு சின்ன அறைகள், பின்னால் அடுப்படி. ஒன்றில் அவரும் மனைவியும். ஒன்றில் மாப்பிள்ளை. ஒன்றில் அன்னலட்சுமியின் தம்பி, சுங்க இலாகாவில் வேலை பார்க்கும் ராஜசேகரன். ஒன்றில் சிற்றம்பலத்தாரின் தங்கை அன்னபாக்கியம். பெட்டி இருந்தது நடுவிலே, சாப்பாட்டு அறையில், சாமி படத்துக்குக் கீழே. பெட்டிச் சாவி, படத்தின் ஆணியில். பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள் பேச்சியம்மாள்.

"விடிய நான் திறக்கும்வரை வெளிக்கதவு உள்பக்கம் தாழ். மாலுமியள் ஒருத்தரும் உள்ளை வரேல்லை" என்றார் சிற்றம்பலத்தார். "எங்கடை ஆக்கள் எடுப்பினமே? முடிச்சுக்குள்ளை பாக்கு இருக்கு. இஞ்சை ஆர் பாக்குப் போடுறது?"

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

பேச்சியம்மாள் ரெங்கம் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். ஜெயபாலன் தவழத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். வெற்றிலை இல்லாத வாயோடு அவளை யாரும் பார்த்ததில்லை. இப்போது மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டாள்.

"ஐயா... நான் தூக்கி வளத்த புள்ள தாலியவா நான் எடுப்பேன்?"

"மூட்டையைக் கொண்டு வா."

அவள் கொண்டு வருவதற்குள் அவரே போய் இழுத்து வந்தார். இழுத்து வந்ததைக் கதவுக்கு வெளியே, மேல்தட்டில், மாலுமிகள் பார்த்துக்கொண்டு நிற்க, தலைகீழாகக் கொட்டினார். இரண்டு சீலை, ஒரு சீப்பு, சாமி படம், காய்ந்த வெற்றிலை, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கவென்று மஞ்சளில் தோய்த்து மடித்து வைத்த ஒரு புடவை. புடவையின் மடிப்பு ஓரங்களில் இரண்டிரண்டாகச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். சுண்ணாம்பு டப்பா உருண்டு போய் மூடி கழன்று, பலகையில் வெள்ளையாக வழிந்தது. தாலி மட்டும் இல்லை.

பேச்சியம்மாள் அழவில்லை. கொட்டிக் கிடந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்பாவாடை ஒன்று காற்றில் பறந்து ஒரு மாலுமியின் காலடியில் விழுந்தது. அவன் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எங்கையோ ஒளிச்சுப்போட்டாள். காளியப்பன்! உவளைக் கயித்து அறையிலை போட்டுப் பூட்டும். தண்ணி எப்ப ஏறும்?"

"நாலு மணிக்கு மேல ஆயிரும் ஐயா."

"ஏறினவுடனை பத்து பகாட்டுக்கு விடும். பொலிசிலை குடுத்துப்போட்டுத்தான் மற்ற வேலை."

தார் நாற்றமடிக்கும் அந்தக் கயிற்று அறையில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. கதவு சாத்தும்போது பேச்சியம்மாள் உள்ளேயிருந்து, "தம்பி, நீ சாப்புட்டியா?" என்று ஜெயபாலனைக் கேட்டாள்.

"அண்ணை, பொறுங்கோ" என்றார் அன்னபாக்கியம்.

அன்னபாக்கியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. கணவர் இறந்தபின் அண்ணன் வீட்டின் பின்னறையில் வாழ்க்கை. வட்டக் கண்ணாடி, வெள்ளைச் சேலை, கத்தி மாதிரி நாக்கு. அண்ணன் சோறு சாப்பிடுகிறோமே என்று அந்த நாக்கை வீட்டுக்குள் உறையில் போட்டு வைத்திருந்தார்.

"தண்ணி ஏறும்வரைக்கும் எனக்கு நேரம் தாங்கோ. நான் விசாரிக்கிறன்."

"உது என்ன, பள்ளிக்கூடமோ?"

"பள்ளிக்கூடத்திலை களவு போகாத பென்சில் இல்லை அண்ணை. அழுகிற பிள்ளை எடுக்கிறதுமில்லை, கத்துற பிள்ளை எடுக்காமல் விடுறதுமில்லை. எனக்குப் பழக்கம்."

சிற்றம்பலத்தார் சிரித்தார். "சரி, விசாரி. என்னிலையிருந்தே தொடங்கு. என்ரை பெட்டியை முதல் பாருங்கோ!"

பார்த்தார்கள். வேட்டி நாலு, கோட்டு ஒன்று, விபூதிப் பை, தலைப்பாகைத் துணி, பனங்கட்டிக் குட்டான் இரண்டு. பிறகு அன்னலட்சுமியின் பெட்டி, மாப்பிள்ளையின் பெட்டி, ராஜசேகரனின் பெட்டி, அன்னபாக்கியத்தின் பெட்டி. தலையணையைப் பிதுக்கினார்கள். அடுப்புச் சாம்பலைக் கிளறினார்கள். சப்பாத்துக்குள் கைவிட்டார்கள். ஒன்றும் இல்லை.

"கடலிலை எறிஞ்சிருப்பாள்" என்றார் சிற்றம்பலத்தார்.

மேல்தட்டில் நின்ற காளியப்பன் எட்டிக் கீழே பார்த்தார். "விடிஞ்ச பெறகு எறிஞ்சிருந்தா சேத்துல மின்னும் ஐயா. நண்டு ஓடுறதே தெரியுது பாருங்க. அதுக்கு முன்னால எறிஞ்சிருந்தா எனக்குத் தெரியாது."

பத்து மணிக்கு வெயில் தகட்டைச் சுட்டது. சேறு நாறத் தொடங்கியது. குடிதண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று காளியப்பன் சொல்லிவிட்டார். தேத்தண்ணி போடப் பேச்சியம்மாள் இல்லை, அன்னபாக்கியமே போட்டார். சீனி டப்பாவின் அடியில் இரண்டு கரண்டிதான் இருந்தது.

"எனக்குச் சீனி போட்டுத் தா" என்றார் சிற்றம்பலத்தார்.

ராஜசேகரனுக்குச் சீனி கிடைக்கவில்லை. வெறும் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். அவரைத்தான் முதலில் கூப்பிட்டார் அன்னபாக்கியம்.

"விடியப்புறம் எழும்பினனீரோ?"

"எழும்பினனான்."

"பெட்டிக்குக் கிட்டப் போனனீரோ?"

ராஜசேகரன் நெற்றியைத் துடைத்தார். "போனனான். பெட்டிக்குப் பின்னாலை என்ரை சிகரெட் டின். அக்கா கண்டால் ஏசுவா எண்டு அங்கை ஒளிச்சு வைச்சனான்."

"பேச்சி அப்ப எங்கை?"

"பாய் வெறுமனை கிடந்தது. அடுப்படியிலை தண்ணி வைச்சுக்கொண்டு நிண்டிருப்பாள்."

"சிகரெட்டைக் காட்டும்."

காட்டினார். டின் பாதி காலி. "அக்காவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ" என்றார். தாலி போன வீட்டில் இந்த மனுசனுக்கு அக்காவின் ஏச்சுத்தான் பயம்.

அடுத்து மாப்பிள்ளை. ஜெயபாலன் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தான்.

"உனக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பம்தானே?"

"என்ன மாமி கேக்கிறியள்? நானே கேட்டுத்தானே இந்தச் சம்பந்தம்!" முகம் சிவந்துவிட்டது. "வாத்தியார் வீடு எண்டு அப்பாவுக்குத்தான் கொஞ்சம் மனவருத்தம். பிறகு ஒத்துக்கொண்டிட்டார். பொன்னுருக்கு அண்டைக்கு நல்லாத்தான் இருந்தவர்."

"பிறகு?"

"ஒரு கிழமையா முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை. ஈப்போவிலை ஈயச் சுரங்கம் வைச்சிருக்கிற மூர்த்தியர் ஒருத்தரை அனுப்பினவர் எல்லோ, தன்ரை மகளைப் பற்றிக் கதைக்க. அந்த ஆள் வந்து போனதிலையிருந்து."

"பொன்னுருக்கு முடிஞ்சுது எண்டு சொல்லேல்லையோ?"

"அப்பா சொன்னவர்தான். அந்த ஆள், 'தாலி கட்டேல்லைத்தானே' எண்டு சிரிச்சுப்போட்டுப் போனவர்."

அன்னபாக்கியம் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

பிறகு கயிற்று அறைக்குப் போனார். காளியப்பன் கதவைத் திறந்தார். உள்ளே உலை மாதிரி வெக்கை. பேச்சியம்மாள் சுருட்டி வைத்த வடத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"காலமை ஆரையும் கண்டனியோ, பேச்சி?"

"இல்லம்மா. தண்ணி கொதிக்க வக்கப் போனேன். வந்து பாய சுருட்டுனேன். அவ்வளவுதான்."

"வெளியிலை வா."

சாப்பாட்டு அறையில் எல்லாரையும் உட்கார வைத்தார். கலியாணச் சாமான்களோடு வந்த கும்பத் தேங்காயில் சுற்றியிருந்த மஞ்சள் துணியைக் கழற்றி, ஒரு கொட்டைப்பாக்கோடு அவள் கையில் கொடுத்தார்.

"இதை முடிஞ்சு தா."

பேச்சியம்மாள் முடிந்தாள். அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தாள். அன்னபாக்கியம் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். மஞ்சளில் சிவப்பு. கட்டைவிரல் ஒன்று, சுட்டுவிரல் ஒன்று, மறுபடி கட்டைவிரல் ஒன்று.

"மச்சாள், ஆரத்திக்கு என்ன கரைக்கிறது?"

அன்னலட்சுமி மூக்கை உறிஞ்சினார். "மஞ்சளும் சுண்ணாம்பும். என்ன கேள்வி இது?"

"மஞ்சளிலை சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவளின்ரை புடவை மடிப்பிலை முழுக்க இதே புள்ளிதான். இப்ப தாலித் துணியைப் பாருங்கோ." இன்னொரு துணியை விரித்தார். பளிச்சென்று மஞ்சள். ஒரு புள்ளி இல்லை. "இதை அவிழ்த்து, பாக்கு வைச்சு, திரும்ப முடிஞ்ச கை வெத்திலை போடுற கை இல்லை."

"கை கழுவிப்போட்டு எடுத்திருப்பாள்!" என்றார் சிற்றம்பலத்தார்.

"கழுவட்டும்."

கடல்தண்ணீர் வாளியில் பேச்சியம்மாள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். துடைத்தாள். துணியின் மறு மூலையை முடிந்தாள். நகக்கண்ணில் இத்தனை வருசமாக ஏறிய சுண்ணாம்பு ஒரு வாளித் தண்ணீருக்கா போகும்? மங்கலாக, ஆனாலும் சிவப்பாக, இரண்டு புள்ளி.

"அப்ப ஆர் எடுத்தது?" ராஜசேகரன் சுற்றிலும் பார்த்தார். வெளிக்கதவு தாழ். பேச்சி இல்லை என்றால் மிச்சம் இருப்பது குடும்பம்.

சிற்றம்பலத்தார் எழுந்தார். "உது பள்ளிக்கூடத்துப் பரிசோதனை. பொலிசு தீர்மானிக்கட்டும். பேச்சி, உள்ளை போ." காளியப்பனைப் பார்த்துக் கத்தினார். "நான் சொல்லுறன், பூட்டும்!"

பேச்சியம்மாள் தானாகவே நடந்து போய்க் குனிந்து உள்ளே நுழைந்தாள். அதைத்தான் அன்னபாக்கியத்தால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் முழுக்க அவர் மேல்தட்டில் நின்றார். யார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பத்து மணிக்குத் தேத்தண்ணி கொடுத்தபோதே மனசு சுருக்கென்றது. அப்போது காரணம் தெரியவில்லை, இப்போது தெரிந்தது. சொன்னால் என்ன ஆகும்? பின்னறை போகும். இந்த வயசில் எங்கே போவது? அண்ணன் என்று ஒருவர்தான் உலகத்தில் மிச்சம், அவரும் போவார். சொல்லாவிட்டால்? நாலு மணிக்குத் தண்ணீர் ஏறும். பேச்சி பொலிசுக்குப் போவாள். தலைமைக் கிராணியின் வாய் பெரிதா, தோட்டத்துக்காரியின் வாய் பெரிதா? அன்னபாக்கியத்துக்குப் பயமாக இருந்தது, அழுகையும் வந்தது. கீழே சேற்றில் ஒரு மீன் துள்ளித் துள்ளித் தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தது. இந்தக் கப்பலில் நானும் இதுவும் ஒன்று என்று நினைத்தார்.

மூன்றரை மணிக்குச் சேற்றின் மேல் ஒரு விரல் தண்ணீர் வந்தது. அன்னபாக்கியம் அண்ணனின் அறைக்குள் போனார், வந்தார். அடுப்படிக்குப் போனார்.

எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது. வெறும் தேத்தண்ணி.

"சீனி முடிஞ்சுது" என்றார் அன்னபாக்கியம். "அதாலை பனங்கட்டி கொண்டு வந்தனான். அண்ணை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, உங்கடை பெட்டியிலையிருந்துதான்."

ஒரு குட்டானைப் பிரித்து எல்லாருக்கும் உடைத்துக் கொடுத்தார். மற்றக் குட்டானை ஓலையோடு ஒரு தட்டில் வைத்து, அண்ணன் முன்னால் நகர்த்தினார்.

"உங்களுக்கு முழுக் குட்டான். கடியுங்கோ, அண்ணை."

சிற்றம்பலத்தார் தட்டைப் பார்த்தார். "எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"பல்லு நோ."

"காலமையும் பல்லு நோவோ? எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலையிருந்து நீங்கள் சீனி போட்டுத் தேத்தண்ணி குடிச்சதில்லை. அப்பா செத்த வீட்டிலையும் பனங்கட்டி தேடினனீங்கள். இண்டைக்கு மட்டும், பெட்டியிலை இரண்டு குட்டான் இருக்க, அடி டப்பாச் சீனியைக் கேட்டு வாங்கிக் குடிச்சியள். அவசரத்திலை எந்தக் குட்டான் எண்டு தெரியாமல் போச்சுதோ? கடிச்சால் பல்லிலை படும் எண்டு பயமோ?"

கப்பலின் அடியில் எங்கோ தகடு முனகியது.

"நகை எடுக்க வந்தவன் கொடியையும் காப்பையும் விட்டுப்போட்டுப் போவானோ? அது எடையான பொன். தாலி ஒரு நகத்தளவு. எடுத்தவருக்குப் பொன் தேவையில்லை, கலியாணம் நிக்கவேணும். பொன்னுருக்கின பிறகு வேண்டாம் எண்டு சொல்ல வாய் இல்லை. ஆனால் தாலி காணாமல் போனால்? அதுவும் மூவாரிலை, சபையிலை, முடிச்சை அவிழ்க்கேக்கை பாக்கு விழுந்தால்? பொம்பிளை வீடே பயந்து நிப்பாட்டிப்போடும். பழி சகுனத்திலை. களவு பேச்சியிலை. ஈப்போச் சம்பந்தத்துக்குப் பாதை திறந்திடும். நீங்கள் குரங்கு பாக்கக் கேட்டு, கப்பல் சேத்திலை ஏறினதாலை மச்சாள் இண்டைக்கே முடிச்சை அவிழ்த்திட்டா. இல்லாட்டி இது நடந்திருக்கும்."

"விசர்க் கதை!" சிற்றம்பலத்தார் மேசையில் அறைந்தார். "நான் எடுத்திருந்தால் இரவே கடலிலை எறிஞ்சிருக்க மாட்டனோ?"

"மாட்டியள்." அன்னபாக்கியத்தின் குரல் முதன்முறையாக உடைந்தது. "நாள் பாத்து உருக்கின பொன்னைக் கடலிலை எறிஞ்சால் பிள்ளைக்கு ஆகாது எண்டு உங்களுக்குப் பயம். அவ்வளவு பயம் பிள்ளையிலை இருந்தது. பேச்சியிலை ஒரு துளி இருக்கேல்லை."

சிற்றம்பலத்தார் குட்டானை எடுக்கக் கை நீட்டினார். ஜெயபாலன் முந்திக்கொண்டான். ஓலையைக் கிழித்தான். கடல் ஈரத்தில் இளகியிருந்த பனங்கட்டி கையில் பிசுபிசுத்தது. இரண்டாகப் பிளந்தான். கறுப்பு வெல்லத்துக்கு நடுவில் மஞ்சளாக ஒரு நகத்தளவு மின்னியது.

அன்னலட்சுமி கணவரை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருசத்தில் பார்க்காத பார்வை. "இஞ்சாருங்கோ, உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்றார்.

"பிள்ளையின்ரை நன்மைக்குத்தான்..." என்று தொடங்கினார் சிற்றம்பலத்தார். முடிக்கவில்லை. மகன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்து ஓடிப்போய்க் கயிற்று அறையின் கதவைத் தானே திறந்தான்.

பேச்சியம்மாள் வெளியே வந்து வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினாள். ஜெயபாலன் அவள் காலில் விழப் போனான். "அட, எந்திரி தம்பி, மாப்பிள்ள கால்ல விழலாமா" என்று தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவன் கையில் ஒட்டியிருந்த தாலியைப் பார்த்தாள். விசயம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டாள்.

"மாமி, நாளையிண்டைக்கு இந்தத் தாலியைத்தான் கட்டுவன்" என்றான் ஜெயபாலன்.

"கட்டு. கழுவினால் பனங்கட்டி போகும்" என்றார் அன்னபாக்கியம்.

அப்போதுதான் தரை லேசாக ஆடியது. மெலாத்தி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. "மெதக்குது! மெதக்குது!" என்று காளியப்பன் மேலேயிருந்து கத்தினார். எந்திரம் இரும ஆரம்பித்தது.

"பேச்சி," என்றார் அன்னலட்சுமி, "உனக்கு என்ன வேணும், சொல்லு. சீலையோ, சங்கிலியோ..."

"ஒண்ணும் வேணாம்மா. பத்து பகாட்ல எறங்கிக்கிறேன். ரெங்கத்துக்கு வண்டி கெடைக்கும்." அவள் மேல்தட்டைக் காட்டினாள். காலையில் கொட்டியது கொட்டியபடி கிடந்தது, யாரும் தொடவில்லை. "எல்லார் முன்னாலயும் ஐயா அவுத்தாங்க. எல்லார் முன்னாலயும் ஐயாவே கட்டிக் குடுக்கட்டும்."

சிற்றம்பலத்தார் மனைவியைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். ஒருவரும் அவருக்காக வாயைத் திறக்கவில்லை. காலையில் நின்ற அதே மாலுமிகள் அதே இடத்தில் நின்றார்கள். இறங்கி ஓடக் கரை இல்லை.

கஞ்சி போட்ட வேட்டியோடு அவர் பலகையில் முழங்கால் போட்டார். சீப்பை எடுத்தார். சீலைகளை மடித்தார், மடிக்கத் தெரியவில்லை, மறுபடி மடித்தார். சாமி படத்தை உள்ளே வைத்தார். உருண்டு கிடந்த சுண்ணாம்பு டப்பாவை நிமிர்த்தி, வழிந்ததைக் கையால் வழித்துப் போட்டு மூடினார். பிறகு மஞ்சள் புடவையை எடுத்தார். மேலே வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மூட்டையை முடிந்தார்.

மூட்டைக்கு வெளியே பிதுங்கிய மஞ்சளில் சிவப்பாக ஒரு கை. பேச்சியின் சின்னப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஐந்து விரலும் தெளிவாக.

அன்னபாக்கியம் தன் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"நானும் பத்து பகாட்டிலை இறங்கிறன். கலியாணத்துக்கு மோட்டாரிலை போவன். பிறகு ஒரு வாடகை அறை பாக்கவேணும். பேச்சி, அந்தப் புடவையைக் குடு, அங்கை போய்த் துவைச்சுத் தாறன். தைப்பூசம் வருது."

பேச்சியம்மாள் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தச் சிவப்புக் கையைப் பார்த்தாள்.

"வேணாம்மா. இத நான் தொவைக்க மாட்டேன்."